ஸ்மார்ட் மின்மீட்டரை வீட்டில் ஏற்கலாமா? சேலம் வாசகர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

சேலத்தில் ஒரு வீட்டின் மின்கட்டணம் இன்று எப்படி முடிவாகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. ஸ்மார்ட் மீட்டர் எதை மாற்றப்போகிறது, எதை மாற்றப்போவதில்லை என்பது அப்போதுதான் பிடிபடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்தின் கணக்கீட்டாளர் வந்து மீட்டரில் தெரியும் எண்ணை எடுக்கிறார். சென்ற முறை எடுத்த எண்ணை அதிலிருந்து கழித்தால் வருவது நாம் செலவழித்த யூனிட். 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரமே ஒரு யூனிட். இந்த யூனிட்டுகள் அனைத்துக்கும் ஒரே விலை கிடையாது. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை ஏறுகிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த மானியமும் போய்விடுகிறது.

ஆகவே எத்தனை யூனிட் என்பதோடு அது எத்தனை நாளுக்கான யூனிட் என்பதும் கட்டணத்தை முடிவு செய்கிறது. நாளொன்றுக்கு 8 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கீட்டாளர் அறுபதாம் நாள் வந்தால் கணக்கு 480 யூனிட். அவரே நான்கு நாள் தள்ளி வந்தால் 512 யூனிட். அந்தக் குடும்பம் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாக எரிக்கவில்லை. ஆனால் 500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டது. "ரீடிங் எடுக்க லேட்டா வந்தாங்க, பில் எகிறிடுச்சு" என்று தெருவுக்குத் தெரு கேட்கும் புகாரின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். வீடு பூட்டியிருந்தால் இன்னொரு சிக்கல்: முந்தைய முறையின் தொகையே இந்த முறைக்கும் போடப்படும், பிறகு சரிசெய்துகொள்ள வேண்டும். கணக்கீட்டாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒருவர் பார்க்க வேண்டிய இணைப்புகள் ஏராளம். ஏற்காடு மலையில் ஓர் எஸ்டேட் குடியிருப்புக்கும் அடுத்த குடியிருப்புக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தைக் கால்நடையாகக் கடந்து எண் எடுப்பது எளிய வேலை அல்ல.

ஸ்மார்ட் மீட்டர் இந்த இடத்தில்தான் நுழைகிறது.

கருவிக்குள் என்ன இருக்கிறது

மின்சாரத்தை அளக்கும் பகுதியைப் பொறுத்தவரை, இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கும் எலக்ட்ரானிக் மீட்டருக்கும் ஸ்மார்ட் மீட்டருக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, பெருக்கி, கூட்டிக்கொண்டே போகின்றன. வேறுபாடு மற்ற மூன்று விஷயங்களில் இருக்கிறது. முதலாவதாக, ஸ்மார்ட் மீட்டர் மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் வைத்திருக்காமல், ஒவ்வொரு 15 நிமிடத்துக்கோ 30 நிமிடத்துக்கோ எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதைத் தனித்தனியாகப் பதிவு செய்து வைக்கிறது. இரண்டாவதாக, அந்தப் பதிவுகளைச் சிம் கார்டு மூலமாகவோ, பக்கத்து மீட்டர்களுக்கு ரேடியோ அலையில் கைமாற்றி டிரான்ஸ்பார்மர் அருகே உள்ள ஒரு பெட்டி வழியாகவோ, மின்வாரியத்தின் கணினிக்கு அனுப்புகிறது. மூன்றாவதாக, அதற்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து வரும் ஒரு கட்டளையால் வீட்டின் மின்சாரத்தை நிறுத்தவோ திரும்பக் கொடுக்கவோ முடியும்.

இந்த மூன்றாவது விஷயத்தை வாசகர்கள் நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மீட்டர் மாற்றும் அறிவிப்புகளில் இரண்டாவது விஷயத்தைத்தான் அதிகம் பேசுவார்கள். நம் வீட்டின் அன்றாடத்தைப் பாதிக்கப்போவது மூன்றாவது.

முதல் பயன் வெளிப்படையானது. கணக்கெடுக்கும் நாள் இனி யார் வருகிறார் என்பதைப் பொறுத்திருக்காது. குறித்த நாளில் குறித்த நேரத்து எண் தானாகவே போய்ச் சேரும். பூட்டிய வீடு என்ற பிரச்சினையும் எழாது. நான்கு நாள் தாமதத்தால் அடுக்கு மாறுவது நின்றுபோகும் என்பதற்காகவே இந்தக் கருவியை வரவேற்கலாம் என்பது என் கருத்து. கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்களுக்கு, எடுத்த மின்சாரத்தையும் கொடுத்த மின்சாரத்தையும் நேரவாரியாகப் பிரித்துக் காட்டும் என்பது கூடுதல் வசதி.

"மீட்டர் வேகமாக ஓடுகிறது"

நாடு முழுவதும் ஸ்மார்ட் மீட்டருக்கு எதிராக எழுந்த முதல் குரல் இதுவே. குஜராத்தின் வதோதராவில் 2024 மே மாதம் மக்கள் தெருவுக்கு வந்தபின், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சரிபார்ப்பு மீட்டரையும் பொருத்துவதாக அங்கே அறிவிக்க வேண்டியிருந்தது. இந்தக் குற்றச்சாட்டை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அப்படியே நம்புவதும் தவறு.

சட்டப்படி வீட்டு இணைப்புக்கான ஸ்மார்ட் மீட்டர் ஐ.எஸ். 16444 என்ற இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டது. அதில் முதல் வகுப்பு மீட்டர் என்றால், வழக்கமான பயன்பாட்டு அளவில் நூற்றுக்கு ஒன்று என்ற வரம்புக்குள்தான் பிழை இருக்கலாம். பழைய, சுழலும் தட்டு கொண்ட மீட்டர் இன்னும் இருக்கும் வீடுகளில் மாற்றத்துக்குப் பின் தொகை உயர்வது இயல்பு. ஆண்டுகள் ஆக ஆக அந்தத் தட்டு தேய்ந்து மெதுவாகச் சுற்றும். செல்போன் சார்ஜர், சிறு எல்.இ.டி. விளக்கு போன்ற குறைந்த சுமைக்கு அது அசையாமலே நிற்பதும் உண்டு. எலக்ட்ரானிக் மீட்டரிலிருந்து ஸ்மார்ட் மீட்டருக்கு மாறும் வீட்டில் அப்படிப் பெரிய உயர்வு வரக் காரணம் இல்லை. வந்தால், தேட வேண்டிய இடங்கள் வேறு.

அவற்றில் நம் ஊருக்குப் பொருத்தமான ஒன்று, நியூட்ரல் ஒயர், அதாவது மின்னோட்டம் வீட்டிலிருந்து திரும்பிச் செல்லும் கம்பி. அம்மாப்பேட்டை, குகை, கிச்சிப்பாளையம் போன்ற பழைய பகுதிகளில் ஒரே கட்டடத்தில் கீழ் வீட்டுக்கு ஓர் இணைப்பு, மாடி வீட்டுக்கு ஓர் இணைப்பு என்று இரண்டு மீட்டர் இருக்கும். ஒயரிங் செய்தபோது செலவை மிச்சப்படுத்த இரண்டு வீட்டுக்கும் ஒரே நியூட்ரலை இழுத்திருப்பார்கள். மின்திருட்டைத் தடுப்பதற்காக இக்கால மீட்டர்கள் பேஸ் ஒயரில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கின்றன. நியூட்ரல் பொதுவாக இருந்தால் மாடி வீட்டு மின்னோட்டம் கீழ் வீட்டு மீட்டர் வழியாகத் திரும்பும். கீழ் வீட்டார் மேல் வீட்டாருடைய பயன்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவார்கள். இது மீட்டரின் பிழை அல்ல, ஒயரிங்கின் பிழை. ஆனால் பில் கையில் வரும்போது மீட்டர்தான் குற்றவாளியாகத் தெரியும். புது மீட்டர் வருவதற்கு முன்பே உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்து இரண்டு நியூட்ரலையும் பிரித்துவிடுவது, பின்னால் அலுவலகத்துக்கு அலைவதைவிடச் செலவு குறைந்த வேலை.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்பதை நாமே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பிரிட்ஜ், வைஃபை பெட்டி, இன்வெர்ட்டர் எதுவும் விடுபடக் கூடாது. இப்போது விளக்கு மின்னாமல் இருக்க வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது இன்னொரு வீட்டின் சுமை இதில் சேர்ந்திருக்கிறது. அதன்பின் 1,000 வாட் என்று எழுதியுள்ள வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்றை நீர் நிறைந்த வாளியில் முழுவதும் மூழ்கவிட்டு, பிறகு சுவிட்சைப் போட்டு, ஒரு நிமிடத்துக்கு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ண வேண்டும். 3200-ஐ 60-ஆல் வகுத்தால் 53. ஏறத்தாழ அந்த எண்ணிக்கை வந்தால் மீட்டர் ஒழுங்காக இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. ராடில் எழுதியுள்ள 1,000 வாட் என்பது 230 வோல்ட் மின்னழுத்தத்துக்கானது. சாயங்காலத்தில் வோல்டேஜ் 200-க்கு இறங்கும் பகுதியில் அதே ராடு சுமார் 755 வாட்தான் எடுக்கும்; விளக்கும் 40 முறையே மின்னும். அதைப் பார்த்து மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று மகிழ வேண்டாம். சோதனையைக் காலையிலோ நண்பகலிலோ, வோல்டேஜ் சரியாக இருக்கும்போது செய்ய வேண்டும். பெரும்பாலான ஸ்மார்ட் மீட்டர்களின் திரையிலேயே வோல்டேஜும் மாறி மாறிக் காட்டப்படும் என்பதால் இதைச் சரிபார்ப்பது கடினமில்லை.

சோதனையில் நம்பிக்கை வரவில்லை என்றால் சட்டம் ஒரு வழி தந்திருக்கிறது. 2020 டிசம்பர் 31 அன்று வெளியான மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. மீட்டர் காட்டும் அளவு உண்மையான பயன்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால், 5 நாட்களுக்குள் இன்னொரு மீட்டரைக் கூடுதலாகப் பொருத்தி, குறைந்தது 3 மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது அது. இந்த விதியைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முன்பணமா, பின்பணமா

ஸ்மார்ட் மீட்டரை இரண்டு முறைகளில் இயக்கலாம். பின்பண முறையில் இப்போது போலவே மின்சாரத்தைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு கட்டுகிறோம். முன்பண முறையில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதுபோல் முதலிலேயே பணம் போட வேண்டும். இருப்பு தீர்ந்தால் மீட்டருக்குள் இருக்கும் அந்தச் சுவிட்ச் இறங்கிவிடும். கருவி ஒன்றுதான்; முறையை மென்பொருளில் மாற்றினால் போதும். ஆகவே "ஸ்மார்ட் மீட்டர் வேண்டுமா" என்ற கேள்வியையும் "முன்பண முறை வேண்டுமா" என்ற கேள்வியையும் பிரித்தே பார்க்க வேண்டும். முதலாவதற்கு என் விடை ஆம். இரண்டாவதற்கு, இப்போதைய நிலையில், இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 56-ஆவது பிரிவில், கட்டணம் செலுத்தாத வீட்டின் இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுமையாக 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும் என்று சொல்கிறது. அறுவடைப் பணம் வர வேண்டிய குடும்பமோ, வாரக் கூலி தாமதமான குடும்பமோ, தொகையில் தகராறு உள்ள குடும்பமோ அந்த 15 நாளில் எப்படியாவது புரட்டிக் கட்டிவிடும். அல்லது புகார் கொடுத்துத் தீர்வு தேடும். முன்பண முறையில் நடைமுறையில் இந்த இடைவெளி காணாமல் போகிறது. தகராறு தீரும் வரை பணம் நம் கையில் இருப்பதற்குப் பதிலாக அவர்கள் கையில் இருக்கும்.

தொலைவிலிருந்து இயங்கும் சுவிட்ச் பிழை செய்யாது என்றும் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தில் 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி நாளன்று, தவறான ஒரு கட்டளையால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஸ்மார்ட் மீட்டர் வீடுகள் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கின. பணம் கட்டியவர்களும் அதில் இருந்தார்கள். ஃபியூஸ் கேரியரைக் கையால் பிடுங்கிச் செல்லும் காலத்தில் இப்படி ஒரு தவறு இந்த அளவில் நடக்க வாய்ப்பே இல்லை.

முன்பண முறைக்கு நன்மை இல்லாமல் இல்லை. அதே சட்டத்தின் 47-ஆவது பிரிவு, முன்பண மீட்டர் வழியாக மின்சாரம் பெற முன்வருபவரிடம் காப்புத்தொகை கேட்கக் கூடாது என்கிறது. ஏற்கனவே கட்டிய காப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும் வாதத்துக்கும் அதில் இடமிருக்கிறது. வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்கு, குடியிருந்தவர் பாக்கி வைத்துவிட்டுப் போகும் தொல்லை இருக்காது. ஆனால் அந்தப் பிரிவில் உள்ள "முன்வருபவர்" என்ற தன்மையைக் கவனிக்க வேண்டும். முன்பண முறை நுகர்வோரின் விருப்பமாக இருக்க வேண்டும் என்று நுகர்வோர் அமைப்புகள் வாதிடுவது இதை வைத்துத்தான். அந்த வாதம் வலுவானது என்றே நான் கருதுகிறேன்.

ஏற்காட்டுக்கு வேறு கணக்கு

மலைக்கு மேலே போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒன்றிய அரசு 2021 ஆகஸ்ட் 17 அன்று வெளியிட்ட அறிவிக்கை, விவசாய இணைப்புகள் தவிர மற்ற எல்லா நுகர்வோருக்கும் முன்பண முறையில் இயங்கும் ஸ்மார்ட் மீட்டர் வழியாக மின்சாரம் தரப்பட வேண்டும் என்றது. ஆனால் அந்த வாக்கியத்திலேயே "தகவல் தொடர்பு வசதி உள்ள பகுதிகளில்" என்ற நிபந்தனை இருக்கிறது. சேர்வராயன் மலைக்கு இந்த நிபந்தனைதான் உயிர்நாடி.

ஏற்காடு ஏரியைச் சுற்றியுள்ள நகரப் பகுதியில் சிக்னலுக்குக் குறைவில்லை. நாகலூர், கொட்டச்சேடு, மாரமங்கலம் போன்ற பக்கங்களில் மேட்டில் நின்றால் கிடைக்கும் சிக்னல், பள்ளத்தில் உள்ள வீட்டுத் திண்ணையில் கிடைக்காது. வீடுகள் சில்வர் ஓக் மரங்களுக்கும் காப்பிச் செடிகளுக்கும் நடுவே தள்ளித் தள்ளி இருக்கின்றன. ரேடியோ அலையில் ஒரு மீட்டர் இன்னொரு மீட்டருக்குச் செய்தியைக் கைமாற்றும் முறை, வீடுகள் நெருங்கியிருக்கும் செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் நன்றாக வேலை செய்யும். தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் வீட்டுக்கு அது எட்டாது. அங்கே சிம் கார்டையே நம்ப வேண்டும். அந்தச் சிம்முக்கோ சிக்னல் இல்லை.

பின்பண முறையில் இதனால் வரும் தொல்லை சிறியது. செய்தி போகாவிட்டால் மீட்டர் தன் நினைவில் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும்; சிக்னல் வந்தபோது அனுப்பும், அல்லது ஒருவர் நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம். முன்பண முறையில் தொல்லை பெரியது. பணம் போட்டாயிற்று, அது மின்வாரியக் கணினியிலும் ஏறிவிட்டது. ஆனால் "மின்சாரம் கொடு" என்ற கட்டளை மீட்டரை வந்தடையவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழையில் மரக்கிளை விழுந்து லைன் அறுந்து, அதோடு செல்போன் கோபுரமும் நின்றுபோகும் நாட்களை மலைவாசிகள் நன்கறிவார்கள். அப்படிப்பட்ட நாளில் பணம் போடவும் வழியிருக்காது, போட்ட பணம் போய்ச் சேரவும் வழியிருக்காது. கைப்பேசியில் பணம் அனுப்பிப் பழகாத முதியவர்கள் மட்டும் உள்ள வீடுகளை எண்ணினால் இதன் கனம் புரியும். எஸ்டேட் லைன் வீடுகளில் இணைப்பு தொழிலாளியின் பெயரில் இல்லாமல் நிர்வாகத்தின் பெயரில் இருந்தால், ரீசார்ஜ் செய்வது யார் பொறுப்பு என்ற சச்சரவும் சேரும். சிக்னலை வீட்டுக்கு வீடு அளந்து பார்க்காமல் மலைக் கிராமங்களில் முன்பண முறையைக் கொண்டுவரக் கூடாது.

மாதக் கணக்கு வந்தால் மிச்சமா?

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் மாதாமாதம் கணக்கெடுக்கலாம், கட்டணம் குறையும் என்ற எதிர்பார்ப்பு தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. இது பாதிதான் சரி. மாதக் கணக்கில் அடுக்குகளை எப்படி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே லாபமும் நட்டமும் அமையும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை மாதத்துக்கு 100 யூனிட் என்று வைத்தால் எல்லாருக்கும் ஆதாயம். மாதத்துக்கு 50 என்று பாதியாக்கி, 500 என்ற கோட்டையும் 250 ஆக்கினால், சில குடும்பங்களுக்கு நட்டமே வரும்.

சேலத்து வெயிலை வைத்தே பார்க்கலாம். மே மாதம் ஏ.சி. ஓடியதில் 320 யூனிட், மழை பெய்து குளிர்ந்த ஜூனில் 160 யூனிட் என்று வைத்துக்கொண்டால், இரு மாதக் கணக்கில் மொத்தம் 480, ஐந்நூறுக்குள் அடங்கிவிடுகிறது. பாதியாக்கிய மாதக் கணக்கில் மே மாதம் 250-ஐ 70 யூனிட் தாண்டிவிடும். அந்த மாதத்துக்கான மானியமும் போய்விடும். ஜூனில் குறைவாகச் செலவழித்ததன் பலன் மே மாதத்துக்கு வந்து சேராது. மாதத்துக்கு மாதம் செலவு ஒரே சீராக இருக்கும் வீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்; ஏற்ற இறக்கம் உள்ள வீட்டுக்குத்தான் அடி. மாதக் கணக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் அடுக்கின் அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நேரத்துக்கேற்ற விலை என்பதும் இதனோடு சேர்ந்து வரக்கூடியது. மேலே சொன்ன மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஜூன் மாதம் செய்யப்பட்ட திருத்தம், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும் விவசாயம் தவிர்த்த நுகர்வோருக்கு, சூரிய ஒளி உள்ள பகல் மணிகளில் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் வீடு போன்ற இணைப்புகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் விலை வைக்க வழிசெய்கிறது. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையில் முடிவாக வேண்டியது. பகலில் ஆள் இருக்கும் வீடு மாவரைப்பதையும் துணி துவைப்பதையும் நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பும் வீட்டுக்கு அந்த வசதி இல்லை. ஆணையம் கருத்துக் கேட்கும்போது இதை எழுதி அனுப்பும் உரிமை எல்லாருக்கும் உண்டு.

வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரியுமா?

தெரியும், ஓரளவுக்கு. அரை மணிக்கு ஒருமுறை எடுக்கும் பதிவை வரைபடமாகப் போட்டால், வீட்டார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள், எந்த வாரம் ஊரில் இல்லை என்பதெல்லாம் படித்தறியக்கூடியவை. நெதர்லாந்து நாட்டின் மேலவை 2009-இல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை இந்தத் தனியுரிமைக் காரணத்துக்காகவே ஏற்க மறுத்தது. பின்னர் மறுக்கும் உரிமையோடுதான் அங்கே அது வந்தது.

சேலத்துக்கு இதில் தனிக் கவலை ஒன்று இருக்கிறது. சிவதாபுரம், பனங்காடு பக்கங்களில் வீட்டின் முன்னறையிலேயே வெள்ளிக் கொலுசுக்குப் பட்டறை போட்டிருப்பார்கள். மெருகேற்றும் சிறிய மோட்டார் பகல் முழுவதும் விட்டுவிட்டு ஓடும். அது வீட்டு இணைப்பில் ஓடினால், பகல் நேரச் சுமையின் வடிவமே அதைக் காட்டிக்கொடுக்கும். அனுமதிக்கப்படாத நோக்கத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தின் இரு மடங்கு வசூலிக்கலாம்; எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதம் வரை கணக்கிடலாம். வீட்டில் தொழில் செய்பவர்கள் எந்த அளவுக்கு வீட்டு இணைப்பில் இடமுண்டு, எதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும் என்பதை மீட்டர் மாறும் முன்பே பிரிவு அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்வது பாதுகாப்பு. விசைத்தறிக்கும் கைத்தறிக்கும் அரசு தனியாக இலவச யூனிட் தருகிறது என்பதால், தனி இணைப்பு எடுப்பது நெசவாளருக்குப் பல சமயம் ஆதாயமாகவே முடியும்.

அதிகபட்சச் சுமை பற்றியும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுத்தோம் என்பதை ஸ்மார்ட் மீட்டர் பதிந்துவைக்கும். ஆனால் அதை வைத்து மீட்டர் பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்றும், அனுமதித்த சுமையை ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் சுமையை உயர்த்தலாம் என்றும் 2023 திருத்தம் சொல்கிறது.

கதிர்வீச்சு குறித்த அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மீட்டர் அனுப்புவது செல்போன் போன்ற கருவிகள் அனுப்பும் வகையைச் சேர்ந்த ரேடியோ அலையே. அதுவும் இடைவிட்டு, சில நொடிகள் மட்டும், பெரும்பாலும் வாசல் சுவருக்கு வெளியே.

செலவு யார் தலையில்

மீட்டர் பொருத்தும்போது வீட்டாரிடம் பணம் கேட்கப்போவதில்லை என்பதால் அது இலவசம் என்று ஆகாது. 2021-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் ஒரு வீட்டு மீட்டருக்கு 900 ரூபாய் அல்லது விலையில் 15 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதை மானியமாகத் தருகிறது. மீதியைத் தனியார் நிறுவனம் முதலீடு செய்து, பல ஆண்டுகளுக்கு மாதத் தவணையாக மின்வாரியத்திடமிருந்து பெற்றுக்கொள்ளும். மின்வாரியத்தின் செலவு எதுவாயினும் ஒருநாள் அது கட்டண உயர்வு மனுவில் இடம்பெறும். கேரளம் இந்தத் தவணை முறையை 2023-இலேயே வேண்டாம் என்றது. தமிழ்நாட்டில் 2024 டிசம்பரில், குறைந்த தொகை கேட்டவரின் விலையே அதிகம் என்று சொல்லி டெண்டர் ரத்து செய்யப்பட்டது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்கள் முன்னோடியாகப் பொருத்தப்பட்ட பிறகும் மற்ற ஊர்களுக்கு அது உடனே பரவாததற்கு இந்த விலைக் கேள்வி ஒரு முக்கியக் காரணம்.

மறுக்க முடியுமா, என்ன செய்யலாம்

சரியான மீட்டர் வழியாக மட்டுமே மின்சாரம் தரப்பட வேண்டும் என்கிறது சட்டத்தின் 55-ஆவது பிரிவு. அந்த மீட்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒன்றிய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வரையறுக்கின்றன. ஆகவே மீட்டரை மாற்ற வருபவரை வாசலில் தடுத்து நிறுத்துவதற்குச் சட்டத்தில் வலுவான பிடி இல்லை. மீட்டரை எதிர்ப்பதில் ஆற்றலைச் செலவிடுவதைவிட, பின்பண முறை வேண்டும், குறித்த நாள் கணக்கு வேண்டும், நம் பதிவுகளை நாமே பார்க்கும் வசதி வேண்டும் என்று நிபந்தனைகளைக் கேட்பதே பயன் தரும். பதிவுகளை நாளுக்கு ஒருமுறையாவது தொலைவிலிருந்து எடுத்து நுகர்வோருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது ஏற்கனவே விதியில் இருப்பதுதான்.

மாற்றும் நாளன்று, பழைய மீட்டரைக் கழற்றுவதற்கு முன் அதன் கடைசி எண்ணும் வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். புது மீட்டரின் தொடக்க எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு எண்களும் எழுதிய மாற்றச் சீட்டில் வந்தவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் பில்லில் தகராறு வந்தால் பேசப்போவது இந்த இரண்டு படங்கள்தான். பழைய மீட்டரை எடுத்துச் சென்றபின் அதன் எண்ணை நிரூபிக்க வேறு வழி கிடையாது. முதல் மூன்று மாதமாவது வாரத்துக்கு ஒருமுறை மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறித்து வந்தால், செயலியில் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புகாரை முதலில் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே தீராவிட்டால் மின்பகிர்மான வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அதன் தீர்ப்பும் நிறைவு தராவிட்டால் சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். இவற்றுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. மலைக் கிராமத்தவர்கள் தனித்தனியாக எழுதுவதைவிட, எந்தக் குடியிருப்பில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது, எங்கே எதுவுமே கிடைக்கவில்லை என்று வீட்டுவாரியாகக் குறித்து, கிராம சபையில் வைத்து ஊராட்சித் தீர்மானமாகவே அனுப்பினால், "தகவல் தொடர்பு வசதி உள்ள பகுதி" என்ற அந்த நிபந்தனைக்குத் தாங்கள் உட்படவில்லை என்பதை முன்பண முறை வருவதற்கு முன்பே பதிவு செய்துவிடலாம்.